பிரேக் ஆயில் ஊற்றியதும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. இனி மலை ஏறலாமா?

கேள்வி ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறது. 46,000 கி.மீ. ஓடிய சின்ன கார். ஒரு மாதமாகவே வளைவில் திரும்பும்போதும் பிரேக்கை மிதிக்கும்போதும் மீட்டரில் சிவப்பு பிரேக் விளக்கு மினுக்கிவிட்டு அணைந்திருக்கிறது. போன வாரம் அணையாமல் நின்று எரிந்தது. தெருமுனை ஷெட்டில் காட்டியதும் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். விளக்கு அணைந்தது, வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. வரும் சனிக்கிழமை வயதான பெற்றோர், இரண்டு குழந்தைகளோடு ஏற்காடு போக வேண்டும். "இப்போது எல்லாம் சரியாகிவிட்டதுதானே, தைரியமாகப் போகலாமா?" என்று கேட்கிறார்.

முன்சக்கரங்களைக் கழற்றி பிரேக் பேடைப் பார்க்கும்வரை போகாதீர்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துவதுதான் பேட். உங்கள் வண்டியில் இன்னும் எதுவும் சரியாகவில்லை. பேட் தேய்ந்திருக்கலாம் என்று வண்டி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயிலை ஊற்றி அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். சேலத்தில் இருபத்திரண்டு வருடமாக ஷெட் வேலை பார்க்கிறேன். ஏற்காடு அடிவாரத்தில் புகையோடு நிற்கும் வண்டிகளைப் போய்ப் பார்த்துக் கட்டி இழுத்து வருவதும் அதில் சேர்த்தி. விளக்கு எரிந்தபோது ஆயில் மட்டும் ஊற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னவர்கள் அந்த வண்டிக்காரர்களில் பலர். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில், அந்த விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று தெரிய வேண்டும். நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் பேடின் தேய்மானத்தை அளக்கும் சென்சார் கிடையாது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு மட்டும்தான் இருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டாலும் அதுதான் எரியும், பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கினாலும் அதுதான் எரியும். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மட்டம் 'மின்' (MIN) என்ற கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் மிதவையும் கீழே இறங்கி விளக்கைப் போட்டுவிடும். கோட்டின் ஓரத்தில் மட்டம் நிற்கும்போது, வளைவில் திரும்பினால் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும், பிரேக் மிதித்தால் முன்னால் அலையடிக்கும். அந்த நேரத்தில் மிதவை ஒரு கணம் கீழே போய் மேலே வரும். நீங்கள் பார்த்த மினுக்கல் இதுதான். ஒயரிங் கோளாறு என்று பலர் இதை விட்டுவிடுவார்கள்.

சரி, மூடி வைத்த டப்பாவில் ஆயில் எங்கே போனது? ஒழுகாமலேயே குறையும். பேட் தேயத் தேய, பேடைப் பிடித்திருக்கும் கவ்வியான கேலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் அந்த இடைவெளியை நிரப்ப வெளியே வந்துகொண்டே இருக்கும். பிஸ்டன் வெளியே வந்த இடத்தில் அதன் முதுகுக்குப் பின்னால் ஆயில் போய் உட்காரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், சின்ன கார்களில் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஒரு சக்கரத்தில் உள் பேட், வெளிப் பேட் இரண்டும் தலா 8 மி.மீ. தேய்ந்தால் பிஸ்டன் மொத்தம் 16 மி.மீ. வெளியே வந்திருக்கும். அந்த இடத்தை நிரப்ப 31 மில்லி ஆயில் வேண்டும். இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து 62 மில்லி. டப்பாவின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்குவதற்கு அநேகமாக அது போதும்.

ஆகவே புது பேட் போட்டபோது 'மேக்ஸ்' கோட்டில் நின்ற ஆயில், பேட் தேய்ந்து முடியும் சமயத்தில் 'மின்' கோட்டுக்கு வந்து விளக்கைப் போடும். தனி சென்சார் இல்லாத காரில் பேடுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் ஒரே தூதர் அந்த மட்டம்தான். நடுவில் யாரோ ஒரு சர்வீஸில் "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று மேல் கோடுவரை ஊற்றிவிட்டால் அந்தத் தூதர் போய்விட்டார். அடுத்து பேட் முழுக்கத் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கும் வரைகூட விளக்கு எரியாமல் போகலாம். உங்கள் காருக்கு இப்போது நடந்திருப்பது அதுதான்.

நான் ஹெல்ப்பராக இருந்த காலத்தில் பானட் திறந்த வண்டி எதுவானாலும் பிரேக் ஆயிலை மேல் கோட்டுக்கு ஏற்றிவிடுவோம், அதுதான் நல்ல சர்வீஸ் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படி நான் கையால் ஊற்றி அனுப்பிய ஒரு வண்டி மூன்று மாதத்தில் டிஸ்க் முழுவதும் பள்ளம் விழுந்து திரும்பி வந்தது. அன்றைக்கு என் மேஸ்திரி சொன்னதை இன்றைக்கும் என்னிடம் வேலைக்கு வரும் பையன்களுக்குச் சொல்கிறேன்: "ஆயில் குறைஞ்சிருந்தா மொதல்ல வீலைக் கழட்டு தம்பி, அப்புறம் மூடியைத் திற."

ஆயில் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது ஒழுக்கு. பேட் தேய்மானத்தால் குறைவது மாதக்கணக்கில் நடக்கும், ஒழுக்கு நாள்கணக்கில் தெரிந்துவிடும். டப்பாவில் இப்போதைய மட்டத்துக்கு நேராக ஒரு மார்க்கர் கோடு போட்டுவையுங்கள். தினமும் காலையில் சமதளத்தில் நிறுத்திய வண்டியில் பாருங்கள். நான்கைந்து நாளில் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பின்சக்கரத்தின் உள்பக்க டயர் சுவரில் ஈரக்கறை இருந்தால் டிரம்முக்குள் (பின்சக்கர பிரேக் இருக்கும் உருளைக்குள்) இருக்கும் வீல் சிலிண்டர் போயிருக்கும். பிரேக் பெடலுக்கு மேலே, கால் வைக்கும் பகுதியில் பிசுபிசுப்பு இருந்தால், பெடல் விசையை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கும். சில கார்களில் கிளட்சும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கும். பிரேக் பக்கம் எல்லாம் காய்ந்து கிடக்க மட்டம் மட்டும் இறங்கினால் கிளட்ச் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றை அனுபவசாலிகளே தவறவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் காரில் ஒரு மாதமாக மெல்ல மெல்ல மினுக்கியிருக்கிறது, 46,000 கி.மீ.வரை பேட் மாற்றியதாக நீங்கள் சொல்லவில்லை. ஆகவே எனக்குத் தேய்மானத்தின் மேல்தான் சந்தேகம். முன்பேட் சாதாரணமாக 30,000-லிருந்து 60,000 கி.மீ. வரை வரும். நின்று நின்று போகும் நகர ஓட்டமா, பைபாஸ் ஓட்டமா, ஆட்டோமேட்டிக்கா, ஓட்டுபவரின் கால் எப்படி என்பதைப் பொறுத்து இது மாறும். ஆட்டோமேட்டிக்கில் எப்போதும் பிரேக்கில்தான் கால் என்பதால் சீக்கிரம் தேயும்.

பேடைப் பார்ப்பது எப்படி? அலாய் வீலாக இருந்தால் டார்ச் அடித்து இடுக்கு வழியாகவே கேலிப்பரில் வெளிப் பேடைப் பார்க்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்பக்கப் பேட்தான் பெரும்பாலும் அதிகம் தேயும். கேலிப்பர் உள்ளும் வெளியும் நகர்வதற்கு 'பின்' என்று சொல்லும் இரண்டு இரும்புத் தண்டு இருக்கிறது. அதில் கிரீஸ் காய்ந்து துரு ஏறி இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது, பிஸ்டன் தள்ளும் உள் பேட் மட்டும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். வெளிப் பேடில் பாதி மீதம் இருக்க உள் பேட் இரும்பைத் தொட்ட வண்டியை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. எனவே சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். பேட் என்பது ஒரு இரும்புத் தகடும் அதன் மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும். தகடே ஏறக்குறைய 5 மி.மீ. கனம் இருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "இன்னும் நல்லா இருக்கே" என்று சொல்பவர்கள் உண்டு. தகட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிதாக இருக்கும்போது உராய்வுப் பொருள் 10 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். 3 மி.மீ. வந்தால் மாற்றிவிடுவது நல்லது, 2 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்த ஷெட்டை விட்டே மாற்றாமல் வெளியே வராதீர்கள். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய 3 மி.மீ. கையில் அளவுகோல் இல்லாவிட்டால் அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காதும் ஒரு கருவிதான். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து கடைசிக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டு 'கீச்' என்று கத்தும். மெதுவாகப் போகும்போது சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப கேட்கும், பிரேக் வைத்தால் சத்தம் மாறும் அல்லது நிற்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு மதில் சுவரை ஒட்டி ஓட்டிப் பாருங்கள், தெளிவாகக் கேட்கும். பாட்டுச் சத்தத்திலும் ஏசியிலும் இது காதில் விழாமலே போய்விடுகிறது. கீச்சு நின்று 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வந்துவிட்டால் தகடு டிஸ்க்கை அறுக்க ஆரம்பித்துவிட்டது. மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் முதல் நான்கு பிரேக்குக்கு கரகரப்பது வேறு. அது டிஸ்க்கில் படிந்த லேசான துரு, தானே போய்விடும்.

விலை கூடிய கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான ஜெர்மன் வண்டிகளில் தேய்மானத்துக்கென்றே தனி விளக்கு உண்டு. வட்டமும் அதன் இருபுறமும் விட்டுவிட்டுப் போட்ட கோடுகளும், ஆரஞ்சு நிறம். பேடுக்குள் ஒரு மெல்லிய ஒயரைப் புதைத்திருப்பார்கள். பேட் அந்த அளவுக்குத் தேய்ந்ததும் ஒயர் டிஸ்க்கில் உரசி அறுந்தோ தொட்டோ விளக்கைப் போடும். ஆரஞ்சு எரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டியதில்லை, பேடில் இன்னும் கொஞ்சம் இருக்கும். அந்த வாரத்துக்குள் ஷெட்டுக்குப் போங்கள், அதுவரை மலையும் வேண்டாம், நெடுஞ்சாலை வேகமும் வேண்டாம். பேட் மாற்றும்போது அறுந்த சென்சாரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பேட் போட்ட பிறகும் விளக்கு அணையாது. சென்சார் எல்லாச் சக்கரத்திலும் இருக்காது என்பது இதைவிட முக்கியம். பிஎம்டபிள்யூ வண்டிகள் பலவற்றில் முன்னால் இடது சக்கரத்திலும் பின்னால் வலது சக்கரத்திலும் மட்டும்தான் வைத்திருப்பார்கள். முன்னால் வலது பக்கம் கேலிப்பர் பின் இறுகி அந்தப் பேட் முந்திக்கொண்டு தேய்ந்தால் விளக்குக்குத் தெரியாது. ஆகவே சென்சார் இருக்கும் வண்டியிலும் வருடத்துக்கு ஒருமுறையாவது நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

சிவப்பு விளக்கோடு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் ஆரஞ்சு விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. முன், பின் பிரேக் விசையைப் பங்கிடும் இபிடி வேலை செய்யவில்லை என்று பொருள், அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலலாம். மெதுவாக ஓட்டிப்போய்க் காட்டுங்கள். சிவப்பு எரிந்து, பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியோ பஞ்சு மாதிரியோ இருந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு கிலோமீட்டரும் ஓட்டாமல் வண்டியைத் தூக்கிப்போகச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்கு வருவோம். தேய்ந்த பேடில் ஈரோட்டுத் தெருக்களில் இன்னும் ஒரு மாதம்கூட ஓட்டிவிட முடியும். மலை இறக்கம் அப்படி விடாது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர், இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் சாமானுமாக 1,300 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் 15 மெகாஜூல். அதே கார் 60 கி.மீ. வேகத்தில் போய் ஒரு முறை பிரேக் போட்டு நின்றால் 0.18 மெகாஜூல். அதாவது 60 கி.மீ. வேகத்திலிருந்து 80 முறைக்கு மேல் பிரேக் போட்டு நிற்பதற்குச் சமம், அதுவும் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல். இன்னொரு விதத்தில் சொன்னால், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கியரில் இறக்கினால் எஞ்சின் நிறைய வாங்கிக்கொள்ளும். நியூட்ரலிலோ டாப் கியரிலோ இறக்கினால் மிச்சம் எல்லாம் டிஸ்க்கிலும் பேடிலும்தான்.

பேட் கனமாக இருந்தால் அந்த வெப்பம் பிஸ்டனுக்குப் போகாமல் அதுவே தடுக்கும். 2 மி.மீ. பேட் எதைத் தடுக்கும்? சூடு நேராகப் பிஸ்டனுக்குப் போகும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது, கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் குணம். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 என்பதுதான் குறைந்தபட்ச அளவு. வருடக்கணக்கில் மாற்றாத ஆயில் அந்த இடத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் அமுங்காது, விசை அப்படியே சக்கரத்துக்குப் போகும். குமிழி அமுங்கிவிடும். கால் தரை வரை போகும், வண்டி நிற்காது.

அடிவாரத்துக்கு ஒருமுறை போனபோது ஒரு குடும்பம் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தது. கடைசி வளைவுக்கு முந்தைய வளைவில் பெடல் இறங்கிவிட்டது, மலைப் பக்கத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார் ஓட்டியவர். யாருக்கும் காயமில்லை. நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது, அதற்குள் எல்லாம் ஆறிப்போய் பெடல் கல் மாதிரி நின்றது. "பிரேக் நல்லாத்தானே இருக்கு, நான்தான் பயந்துட்டேனா?" என்று அவர் என்னிடம் கேட்டார். சக்கரத்தைக் கழற்றினேன். உள் பேடில் நகக்கண் அளவுகூட மிச்சமில்லை. ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது, மட்டம் மட்டும் மேல் கோட்டில். இரண்டு வாரத்துக்கு முன்னால் விளக்கு எரிந்ததென்று யாரோ ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த முகம்தான்.

சனிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியது அரை நாள் வேலை. முன்சக்கரப் பேட் செட் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சக் கனத்தைப் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை, லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி மாட்டுவது அதை இன்னும் மெல்லிசாக்கும். கேலிப்பர் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கும் கிரீஸை மட்டும் தடவி, கேலிப்பர் விரலால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பேடை மட்டும் சொருகிவிட்டுப் பின்னைத் தொடாமல் அனுப்புவது அரைகுறை வேலை, கூட நின்று கேளுங்கள். பின்சக்கர டிரம்மையும் திறந்து, அங்கே பேட் வேலையைச் செய்யும் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் முன்பைவிட அதிகமாக மேலே வருகிறதென்றால் ஷூ தேய்ந்திருக்கலாம். பின்னால் எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனரில் போட்டு மோட்டாரைப் பின்வாங்கிய பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும், கிளாம்ப் போட்டு அமுக்கினால் மோட்டார் போய்விடும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த 62 மில்லியும் டப்பாவுக்குத் திரும்பி வரும். உங்கள் டப்பா ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்துவிடும். எனவே முதலில் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எப்படியும் ஆயிலை முழுதாக மாற்றி, குழாயில் இருக்கும் ஏரை (காற்றை) எடுத்துவிடுங்கள், பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. மூடியின் மேலேயே டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்று எழுதியிருக்கும். அதே வகை, சீல் உடைக்காத டப்பாவாக இருக்க வேண்டும். ஷெட்டில் பாதி திறந்து அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற டப்பா காற்றின் ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். போன வாரம் உங்களுக்கு ஊற்றியது எந்தப் பாட்டிலிலிருந்து என்று தெரியாததால் மாற்றுவதில் தயங்காதீர்கள். தவறியும் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ அதில் கலந்துவிடக் கூடாது. ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை மாற்ற வேண்டியதாகிவிடும்.

பேட் வாங்கும்போது விலை மட்டும் பார்க்காதீர்கள். கம்பெனி பார்ட்ஸ் கடையிலோ, கம்பெனிகளுக்கே பேட் செய்து கொடுக்கும் பெயர் தெரிந்த பிராண்டிலோ பில்லோடு வாங்குங்கள். போலிப் பெட்டிகள் நிறைய ஓடுகின்றன. சூடேறியதும் உராய்வுப் பொருள் தகட்டிலிருந்து பெயர்ந்து வந்த பேடை நான் கையில் பிடித்திருக்கிறேன். பழைய பேடை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள், எவ்வளவு மீதம் இருந்தது என்று உங்கள் கண்ணால் பார்க்கலாம். பேட் தூசியை வாயால் ஊதவோ ஏர் பிடித்து அடிக்கவோ விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதை மூச்சில் இழுப்பது வேலை செய்யும் ஷெட் பையனின் நுரையீரலுக்குக் கேடு.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் இதை மறக்காதீர்கள். உட்கார்ந்ததும் ஸ்டார்ட் செய்து, கியர் போடாமல் பெடலை நன்றாக ஐந்தாறு முறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பெடல் அடி வரை போகும், பிடிக்காது. இது தெரியாமல் ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்துச் சுவரில் இடித்தவர்கள் இருக்கிறார்கள். பெடல் உயரமாக, கெட்டியாக நின்ற பிறகுதான் நகர்த்த வேண்டும். அதற்குப் பிறகு ஆளில்லாத ரோட்டில் 60-லிருந்து 20-க்கு வேகத்தைக் குறைப்பதுபோல பத்து முறை மிதமாகப் பிரேக் போடுங்கள், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிட்டு. புது பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிந்து உட்கார 200, 300 கி.மீ. ஆகும். அதனால் வேலையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கே கொடுத்தால் அந்த வாரம் முழுக்க ஆபீஸ் போய்வருவதில் அது உட்கார்ந்துவிடும். நேரம் கிடைக்கவில்லையா, பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பார்க்கிற பரீட்சை இல்லை இது.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ இறங்கும்போதும் அதே கியர், பெரும்பாலும் இரண்டு. ஆட்டோமேட்டிக்கில் 'எல்' அல்லது மேனுவல் நிலை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைப்பதும் வேண்டவே வேண்டாம். எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடையாது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் மரக்கட்டை. காலைப் பெடலில் லேசாக வைத்துக்கொண்டே உரசி இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட்டால் டிஸ்க் காற்றில் ஆறும். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

கருகிய வாசனை வந்தால், பெடல் கொஞ்சம் இறங்கினாற்போல் தோன்றினாலும், அகலமான இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்தோ விரிசல் விட்டோ போகும். ஓடும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால் விடாமல் வேகமாக மிதித்துக்கொண்டே இருங்கள், கொஞ்சமாவது பிடிக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடி படிப்படியாக இழுங்கள், பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச் சுவரோரமாக வண்டியை அணைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். ஷெட்டில் வைத்த மேல் கோட்டில் அப்படியே இருக்க வேண்டும். அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் "பேட் புதியது, ஆயில் மேல் கோடு" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் யாராவது மூடியைத் திறந்து ஊற்ற வந்தால், பேடை அளந்து சொன்ன பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.